பத்துப் பெயரும் தூய கணிதமும்

1981 மே 4, திங்கள்

கச்சான் காற்று தொடங்கிவிட்டது. புத்தகக் கடைக்குள் ஒரு வண்டி மணல். கொப்பிக் கட்டுகளைத் துடைக்க வேண்டும்.

இந்தக் கொப்பியில் எழுதப்போகும் கதையை ஒருவரும் நம்பமாட்டார்கள் என்று, கல்முனையிலிருந்து கோமாரி வரை நிற்கும் சகல தென்னைகளையும் சாட்சியாக வைத்து உறுதியளிக்கிறேன். நானே இன்னும் நம்பவில்லை.

விஷயம் இது. தங்கையின் மகள் றிஸானா. தகப்பன் மவுத்தாகி இல்லாத பிள்ளை, மாமனான என் பொறுப்பு. சாதாரண தரப் பரீட்சை பாஸ். உயர்தரத்தில் கணிதம் படிக்க வேண்டுமாம். பிறகு பல்கலைக்கழகம், பிறகு இஞ்சினியர். பெண்கள் பாடசாலையில் அப்படி ஒரு வகுப்பே இல்லை. ஆண்கள் பாடசாலை என்றால் தங்கை மயங்கி விழுவாள்.

பெண்கள் பாடசாலை அதிபர் ரீச்சரிடம் போனேன். சுவரில் பட்டியல்:
மனையியல் – இடமில்லை
இஸ்லாமிய நாகரிகம் – இடமில்லை
புவியியல், அரசறிவியல், அளவையியல் – உட்கார வாங்கு போதாது
தாவரவியல், விலங்கியல் – 14
தூய கணிதம், பிரயோக கணிதம் – 2

“புதுசா கணித வகுப்புத் தொடங்கப் பத்துப் பேர் வேணும் நானா. வியாழன் பள்ளிக்கூடம் விடுற மணியடிக்க முந்தி பேரத் தாங்க. இல்லாட்டி கணக்குப் படிப்பிக்கிற காரைதீவு மாஸ்டர வேற பள்ளிக்கூடம் இழுத்துக்கொண்டு போயிரும்.”

எட்டுப் பேர்தானே. அண்ணன் முறை வைத்துக் கூப்பிட்டுவிட்டா, எண்ணூறு பேர் கொண்டுவருகிறேன் என்று சொல்லிவிட்டு வந்தேன்.

என் மகள் நஸீறாவும் இதே வயது. அவள் கணக்கில் பெயில். பொத்துவிலில் சாச்சி வீட்டில் நின்று பரீட்சை எழுதியவள், பெறுபேறு தபாலில் கடைக்கு வந்தது. எனவே அவளைக் கணக்கில் சேர்க்கவில்லை.

பல் வலி. கராம்பு வாங்க வேண்டும்.

மே 5, செவ்வாய்

வெயில். காலை முழுக்கத் தேத்தண்ணிக் கடை, பின்னேரம் பள்ளிவாசல் முகப்பு. வாப்பாமார் கூடும் இடம் இந்த இரண்டும்தான்.

பத்து வருடமாகப் புத்தகக் கடை. எல்லாப் பாடத்தின் அட்டையையும் படித்தவன், உள்ளே போனதில்லை. அது போதும்.

லொறிக்காரரிடம்: “தர்க்கம் பேசுற அளவையியல் படிச்ச பொம்புள வீட்டுல இரிந்தா நீங்க ஒரு பொய் செல்ல ஏலா மச்சான். வாசல்லயே புடிச்சிருவா.” அவர் முகம் கறுத்தது. மகளைக் கணிதத்துக்கு மாற்றி உடனே என் பெயர்த் தாளில் ஒப்பம்.

தோணிக்காரரிடம்: விலங்கியலில் முதல் வருடம் தேரை அறுப்பு, இரண்டாம் வருடம் யானை. யானை மாங்குளத்திலிருந்து ரயிலில் வந்து, மட்டக்களப்பிலிருந்து நடந்து வரும். ஒப்பம்.

நெல்லாலைக்காரரிடம்: புவியியல் படிப்பவர்கள் இமயமலைக்குப் போய் அளந்துவிட்டு வர வேண்டும், துணைக்கு வாப்பாவும் போக வேண்டும். “எனக்கு மூச்சு இழுப்பு வருத்தம்” என்றார். ஒப்பம்.

இப்படியே எட்டு ஒப்பம். இரண்டும் எட்டும் பத்து. இந்தக் கணக்கு எனக்கே வருகிறது. உலகத்தில் இதுவரை ஒரு மாமனும் செய்யாத காரியம்.

றிஸானா தாளைப் பார்த்து, “உம்மாமாரிட்டக் கேட்டீங்களா மாமா?” என்றாள். பெரிய ஆட்களின் விஷயத்தில் தலையிடாதே என்றேன்.

மே 6, புதன்

காற்றோடு புழுதி. கடை திறக்குமுன் வாசலில் ஐந்து உம்மாமார்.

நான் ஒரு மடையன். இந்தக் கரையில் வீடு யாருடையது? பெண்ணுடையது. கல்யாணம் முடித்த அன்று ஒரு பெட்டியோடு மனைவி ஆசியாவின் வீட்டுக்குள் வந்து ஏறியவன்தானே நானும். பதினெட்டு வருடமாக விருந்தாளி. இது தெரிந்தும் வாப்பாமாரிடம் ஒப்பம் வாங்கினேன்.

லொறிக்காரர் மனைவி தாளை வாங்கிப் பார்த்தா. “வாப்பாட ஒப்பம்தானே இரிக்கி. அப்ப வாப்பாவ வகுப்புக்கு அனுப்புங்க.”

மற்றவ: “யான எப்ப வருது நானா? புல்லு வெட்டி வெக்கவா?”

சிரித்துத் தப்பப் பார்த்தேன். தோணிக்காரர் மனைவி சிரிக்கவில்லை. “நீங்க கடை நெறயப் புத்தகம் வெச்சிரிக்கிற ஆள். உங்கட மகளுக்கே ஓடாத கணக்கு எங்கட புள்ளைக்கு ஓடுமா? பெயிலாகிட்டு மூலையில குந்தினா ஆரு பதில் செல்ற?”

பேனையை எடுத்து அவ மகளின் பெயரை நானே வெட்டினேன். சரித்திரத்தில் முதல் தடவை.

மத்தியானத்துக்குள் எட்டும் போயிற்று. முதலிலிருந்தே இருந்த இரண்டாவது பிள்ளையும் தாவரவியலுக்கு மாறிவிட்டாள். இப்போது 1.

றிஸானா அழவில்லை. “நீங்க வாயத் தொறக்காட்டி ரெண்டு பேராவது இரிந்திருப்பம்” என்றாள். காலையிலிருந்து சாப்பிடவில்லையாம். தங்கை கதவுக்குப் பின்னால் நின்றுகொண்டு என் முகத்தையே பார்த்தாள்.

இனி எழுதித்தான் ஆக வேண்டும். நஸீறா பெயில் இல்லை. கணிதத்தில் டி, விசேட சித்தி, அதற்கு மேல் ஒரு தரமில்லை. சம்மாந்துறையில் அவளுக்குப் பேசி வைத்திருக்கும் மாப்பிள்ளை கணக்கில் இரண்டு முறை பெயில். அவருடைய உம்மா, “மகன விடப் படிச்ச புள்ள வேணா” என்று முதல் நாளே சொல்லிவிட்டா. சீதனமாக நஸீறாவுக்குக் கட்டும் வீட்டுக்கு இன்னும் கூரை இல்லை. கூரை இல்லாமலே ஏற்கிறோம் என்றவர்கள் அந்த மாப்பிள்ளை வீட்டார். இனி அப்படி ஓரிடம் வருமா என்று பயந்தேன். பெயில் என்று ஊருக்குச் சொன்னேன், ஆசியாவுக்குச் சொன்னேன், நஸீறாவுக்கும் சொன்னேன். மூன்று நாள் பாயில் கிடந்தாள். இந்தக் கொப்பிக்கும் அதையேதான் சொன்னேன்.

பெறுபேற்றுத் தாள் கடையில், மேல்தட்டில், பிரயோக கணிதப் புத்தகத்துக்குள். அதை ஒருவரும் வாங்கமாட்டார்கள் என்று தெரியும்.

மே 7, வியாழன்

காற்று இல்லை. விடிய சுபஹ் தொழுதுவிட்டு நேரே கடை. தாளை எடுத்தேன்.

முதலில் தோணிக்காரர் வீடு. “மகள் பெயில் இல்ல, டி” என்றேன். அவர் மனைவி மீன் கழுவியபடி, “போன மாசம் பெயில், இண்டைக்கு டி. நாளைக்கு மந்திரியா?” தாளை நீட்டினேன். கை ஈரமாம், நாடகம் வேண்டாமாம். உண்மை சொல்லி வெட்கப்பட்டு வந்தேன். இதுவும் முதல் தடவை.

வீடு. ஆசியா தாளை இரண்டு முறை வாசித்தாள். நஸீறாவிடம் நீட்டினாள். ஏசியிருந்தால் நல்லது. நஸீறா வாசித்தாள்.

“எல்லாத்தையும் பெருசாக்கிற ஆள் நீங்க வாப்பா. என்ட கணக்க மட்டும் ஏன் சின்னதாக்கினீங்க?”

ஆசியா முக்காட்டைப் போட்டுக்கொண்டு தாளோடு இறங்கினாள், வீடு வீடாக. அவள் பேச்சுக்குத் தாள்கூடத் தேவையில்லை, தேவைப்பட்டது என்னால்தான். நான் பாடசாலைக் கேற்று வாசலில், புளிய மரத்தடியில். ஒரு மணிக்கு எண்ணிக்கை 4. ஒன்றேகாலுக்கு 7. தோணிக்காரர் மனைவி மகளின் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டே வந்தா, என்னைப் பார்க்காமல் உள்ளே போனா. 8. பிறகு லொறிக்காரர் மகள். 9.

மணியடிக்கப் பத்து நிமிடம். நஸீறாவை ஒருவரும் அழைக்கவில்லை. அழைக்க எனக்கு என்ன முகம்? றிஸானா கேற்றடிக்கு வருவதும் திரும்பிப் போவதுமாக இருந்தாள். பியோன் மணி அடிக்கும் கட்டையைக் கையில் எடுத்துவிட்டார்.

உம்மாவுக்குப் பின்னால் நஸீறா வந்தாள். என்னைக் கடந்துதான் போக வேண்டும், வேறு வழி இல்லை. நின்றாள். என் சட்டைப் பையிலிருந்த பேனையைக் கேட்காமல் எடுத்துக்கொண்டு உள்ளே போனாள்.

10.

பின்னேரம் சம்மாந்துறை மாப்பிள்ளை வீட்டிலிருந்து ஆள். “அவங்க யோசிக்கிறாங்களாம்.” யோசிக்கட்டும். பேனை இன்னும் திரும்பி வரவில்லை, இது பென்சிலில்.

யானை பொய். இமயமலை பொய். எண்ணூறு பேர் பொய். சாட்சிக்கு வைத்த தென்னைகளை நான் எதுவும் கேட்கவில்லை. அந்த டி மட்டும் உண்மை. சின்னதாகத்தான் இருந்தது, ஓர் எழுத்து.