உன் சாட்சியில் இல்லாதவள்

அன்புள்ள மகனுக்கு,

உன் அப்பா எழுதுவது. நீ உடல் சுகத்தோடும் வேலையில் நிம்மதியோடும் இருக்க ஆண்டவர் கிருபை செய்வாராக. இங்கே நாங்களும் நலம் என்று எழுதுவது வழக்கம். இந்த முறை அந்த வரியை விட்டுவிடுகிறேன்.

நீ செய்தது அநியாயம். அதை முதலில் சொல்லிவிட்டுத்தான் மற்றதை எழுதுவேன். உன் சபையில், அத்தனை பேர் முன்னால், மைக்கைப் பிடித்துக்கொண்டு, "எங்க வீட்ல வேதம் இருந்தது, ஜெபம் இருந்தது, இயேசு மட்டும் இல்லை" என்று சாட்சி சொன்னாய். அந்த வீட்டில்தான் உன் அம்மா இன்னும் குடியிருக்கிறாள். உயிரோடு இருப்பவளைப் பற்றி அவளிடம் ஒரு வார்த்தை கேட்காமல் தீர்ப்புச் சொல்லிவிட்டாய்.

எங்களுக்கு எப்படித் தெரியும் என்று நினைப்பாய். எதிர்வீட்டுத் தையல்காரம்மா இப்போது உங்கள் சபைக்குத்தான் போகிறாள். மரக்கடைக்குப் பின்னால் உங்கள் ஆட்கள் ஒரு கூடம் கட்டியிருக்கிறார்களே, அங்கே. யாரோ அவளுக்கு உன் பேச்சை அனுப்பியிருக்கிறார்கள். பாவம், சந்தோஷமாகத்தான் ஓடி வந்தாள். "அக்கா, உங்க பையன் என்னமா பேசுறான் பாருங்க!" என்று கைப்பேசியை உன் அம்மாவின் கையில் வைத்தாள். உன் அம்மா ஈரக் கையைத் துடைத்துக்கொண்டு முக்காலியில் உட்கார்ந்தாள். நான் முன் அறையில் ஒரு பம்பு மோட்டாரைப் பிரித்துக்கொண்டிருந்தேன். காது கேட்காமல் இல்லை.

"எங்க அப்பாவுக்குத் தெருவுல மணிக்கூண்டுன்னு பட்டப்பெயர், எட்டு மணி ஆனா ஜெபம், கடிகாரத்துக்குச் சாவி கொடுக்கிற மாதிரி" என்றாய். அத்தனை பேரும் சிரித்தார்கள். சிரிக்கட்டும். அந்தப் பட்டப்பெயர் எனக்கு நீ பிறப்பதற்கு முன்பிருந்தே உண்டு, அதனால் நான் இளைத்துவிடவில்லை. அதற்கு அடுத்து அந்த வரியைச் சொன்னாய். எல்லாரும் "ஸ்தோத்திரம்" என்றார்கள். எதற்கு ஸ்தோத்திரம்? எங்கள் வீட்டில் அவர் இல்லை என்பதற்கா?

தையல்காரம்மாவின் முகம் செத்துப்போயிற்று. அவள் நிறுத்தப் பார்த்தாள். உன் அம்மா, "இரும்மா, இன்னொரு தடவை போடு" என்றாள். இரண்டாவது தடவையும் முழுசாகக் கேட்டாள். பிறகு, "நல்லாப் பேசுறான்" என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டாள்.

நான் பள்ளிக்கூடத்தில் படித்தது கொஞ்சம். மோட்டாருக்குக் கம்பி சுற்றுவதையும் வேதம் வாசிப்பதையும் நானாகத்தான் கற்றுக்கொண்டேன். ஆனால் மனம் திரும்பிய கதையைச் சபையில் சொல்கிற சாட்சி என்றால் எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியும். முன்பாதி இருட்டாக இருக்க வேண்டும், அப்போதுதான் பின்பாதி வெளிச்சமாகத் தெரியும். குடிகாரனுக்கு அது சுலபம். சண்டைக்காரனுக்கும் சுலபம். உனக்கு ஒன்றும் அகப்படவில்லை. நான் குடித்துவிட்டுத் தெருவில் விழுந்து கிடந்திருந்தால் உனக்கு வசதியாக இருந்திருக்கும். அது இல்லாததால் எங்கள் எட்டு மணி ஜெபத்தை எடுத்து இருட்டாக்கினாய். இன்று நீ வாய் நிறையச் சொல்கிற அந்தப் பெயரை முதலில் உன் காதில் போட்டது அந்த ஜெபம்தான். இதை நான் எங்கே வேண்டுமானாலும் சொல்வேன்.

இனி நடந்ததைக் கேள். நம் வீட்டு முறை உனக்குத் தெரியும். நான் வாசிப்பேன், நான் ஜெபிப்பேன், முடிவு ஜெபம் உன் அம்மாவுடையது. கல்யாணமான புதிதில் அவளுக்கு நாலு பேர் முன்னால் வாய் வராது. அதனால் ஒரு சின்ன ஜெபத்தை நானே எழுதிக் கொடுத்து மனப்பாடம் பண்ணச் சொன்னேன். அதைத்தான் இத்தனை வருஷமும் ஒரு சொல் பிசகாமல் சொல்லி வந்தாள். உன் பேச்சைக் கேட்ட அன்று ராத்திரி அவள் முறை வந்ததும் சத்தம் இல்லை. கண்ணைத் திறந்து பார்த்தேன். முழங்கால் மேல் கையை வைத்துக்கொண்டு தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். "நீங்களே முடிச்சிடுங்க" என்றாள். முடித்தேன். மறுநாளும் அப்படித்தான். அதற்கு மறுநாளும்.

ஞாயிற்றுக்கிழமை நம் கோயிலில் திருவிருந்து அப்பம் வாங்க எல்லாரும் எழுந்து போனபோது அவள் இருக்கையை விட்டு எழவில்லை. சபை மூப்பர் நான், என் மனைவி உட்கார்ந்தே இருக்கிறாள்! பின் வரிசையில் குசுகுசுப்பு. போதகர் வாசலில் என்னை நிறுத்தி, "அம்மாவுக்கு என்ன?" என்றார். முழங்கால் வலி என்றேன். வீட்டுக்கு வரும் வழியெல்லாம் அவளைத் திட்டினேன். உன்னையும் சேர்த்துத்தான். "சின்னப் பையன் ஏதோ உளறினான், அதுக்காக நீ இப்படிச் செய்வியா?" என்றேன்.

தெருமுனை வந்ததும் நின்றாள். "அவன் உளறலைங்க. உங்களுக்கு எப்படியோ எனக்குத் தெரியாது. என்னைப் பத்தி அவன் சொன்னது நிஜம். நீங்க எழுதிக் கொடுத்ததைச் சொன்னேன். எனக்கும் ஆண்டவருக்கும் பேச்சுவார்த்தையே இல்லை. ஒரே வீட்ல இருந்துக்கிட்டு முகத்தைத் திருப்பிக்கிட்டுப் போற மாதிரி இத்தனை வருஷம் இருந்துட்டேன்" என்றாள். உன் அம்மா இவ்வளவு பேசி நான் கேட்டதில்லை. சொல்லிவிட்டு முன்னால் நடந்து போய்விட்டாள்.

அதற்குப் பிறகு ஒரு நாள் மத்தியானம் மின்சாரம் நின்றது. என் பட்டறைச் சத்தம் அடங்கினால் இந்த வீட்டில் என்னவெல்லாம் கேட்கும் என்பது அன்றுதான் தெரிந்தது. சமையலறையில் உன் அம்மா யாரிடமோ பேசிக்கொண்டிருந்தாள். பக்கத்து வீட்டுக்காரியாக்கும் என்று நினைத்தேன். தண்ணீர் குடிக்க எழுந்தவன் கதவுக்கு இந்தப் பக்கமே நின்றுவிட்டேன். உன் அக்காவின் மாமியாரைப் பற்றிச் சொன்னாள். "அந்தம்மா வாய்க்கு ஒரு பூட்டுப் போடுங்க, இல்லைன்னா எம் பொண்ணுக்குக் காதை அடைச்சு வைங்க" என்றாள். நீ சாப்பிடுகிறாயா தூங்குகிறாயா என்று கவலைப்பட்டாள். அடுத்தது என் முறை. "இந்த மனுஷன் பிடிவாதம் உங்களுக்குத் தெரியும். நீங்கதான் படைச்சீங்க, நீங்களே சமாளிங்க" என்று சொல்லிவிட்டுச் சிரித்தாள்.

அதைக் கேட்டும் ஒரு நொடி, கைப்பேசியில் யாரிடமோ என்னைப் போட்டுக் கொடுக்கிறாள் என்றுதான் நினைத்தேன். திரும்பிப் பார்த்தால் கைப்பேசி என் மேசை மேல் கிடக்கிறது. சமையலறையில் அவளைத் தவிர ஒருவரும் இல்லை.

அது ஜெபமா என்று நீ கேட்டால், நான் மூப்பர், எனக்கு ஜெபம் என்றால் என்ன என்று தெரியும். ஆரம்பம் இல்லை, ஆமென் இல்லை, தலையில் முக்காடு இல்லை, கையில் கரண்டி. ஆனாலும் நான் தண்ணீர் குடிக்க உள்ளே போகவில்லை. அவளோடு இவ்வளவு காலம் எட்டு மணிக்கு உட்கார்ந்திருக்கிறேன். ஜெபத்தில் அவள் சிரித்து நான் கேட்டதில்லை. இது ஒரு குறைதான். யாருடைய குறை என்று இங்கே எழுதப் போவதில்லை. அன்று ராத்திரி என் ஜெபத்தைச் சீக்கிரம் முடித்துவிட்டேன்.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். உன் அம்மா முழுக்கு ஞானஸ்நானம் எடுக்க வேண்டும் என்கிறாள். மரக்கடைக்குப் பின்னால் இருக்கிற தொட்டியில். நீ அவள் பக்கத்தில் தண்ணீரில் நிற்க வேண்டுமாம்.

நான் முடியாது என்றேன். குழந்தையாக இருந்தபோது தலையில் தண்ணீர் தெளித்துப் பெற்றதே போதும் என்று வேதத்தைத் திறந்து வைத்துக்கொண்டு விளக்கினேன். முழுவதும் கேட்டாள். குறுக்கே பேசவில்லை. நான் மூடி வைத்ததும், "நீங்க சொல்றது சரியாக்கூட இருக்கலாம். ஆனா அன்னைக்கு என்னைத் தூக்கிட்டுப் போனாங்க. இன்னைக்கு நானே நடந்து போறேன்னு சொல்றேன்" என்றாள். "நீ எடுத்தா நான் மூப்பர் பதவியில இருக்க முடியாது, தெரியுமா?" என்றேன். தெரியும் என்றாள். "நீங்க வராட்டியும் எடுப்பேன், ஆனா வராம எடுத்தா அந்தச் சந்தோஷத்துல பாதி இருக்காது" என்றாள். இந்த வீட்டில் அவள் எனக்கு மாட்டேன் என்று சொன்னது அதுதான் முதல் தடவை. எனக்குக் கோபம் இன்னும் ஆறவில்லை. அது ஆறாமலே இதை எழுதுகிறேன்.

உன்னைக் கூப்பிட்டுச் சொல்ல அவளுக்கு ஒரு நிமிஷம் ஆகாது. கைப்பேசியை எடுத்துக் கொடுத்தேன். வாங்கவில்லை. "நான் கூப்பிட்டா அம்மாவைப் பார்க்க வருவான். நீங்க கூப்பிட்டாத்தான் வீட்டுக்கு வருவான்" என்றாள். சபை மாறியதிலிருந்து நீ வாசலோடு வந்து வாசலோடு போகிற கதை அவள் மனதில் இவ்வளவு ஆழமாக இருக்கிறது என்று எனக்குத் தெரியாது. அதனால்தான் இந்தக் கடிதம்.

நான் உன்னை மன்னித்துவிட்டதாக நினைத்துக்கொள்ளாதே. உன் தொட்டியை ஒப்புக்கொண்டதாகவும் நினைத்துக்கொள்ளாதே. நாளைக்கு யாராவது என்னிடம் கேட்டாலும் ஒரு முறை பெற்றது போதும் என்றுதான் சொல்வேன். எனக்குத் தாங்காதது வேறு. அவள் பக்கத்திலேயே உட்கார்ந்து இத்தனை காலம் உரக்க வாசித்தவன் நான். அவளை எழுப்பியது தூரத்திலிருந்து வந்த உன் குரல். அதுவும் எங்களை அவமானப்படுத்திய பேச்சு. ஆண்டவர் எதை வைத்து எதைச் செய்கிறார் என்று நான் விளக்கம் கேட்டுக்கொண்டிருக்கிறேன்.

ஆக, நடக்க வேண்டியவை இவை.

நீ விடுப்பு எடுத்துக்கொண்டு வர வேண்டும். சத்திரத்தில் தங்குவது, நண்பன் வீட்டில் தங்குவது எல்லாம் கூடாது. உன் அறையில் கிடக்கும் பழைய மோட்டார்களை நான் காலி பண்ணிவிடுகிறேன். வந்த அன்று எட்டு மணிக்கு எங்களோடு உட்கார வேண்டும். முடிவு ஜெபத்தை நீ ஆரம்பிக்கக் கூடாது. அவள் பேசினால் பேசட்டும், சும்மா இருந்தால் சும்மா இருக்கட்டும்.

இதை எந்த மைக்கிலும் நீ சொல்லக் கூடாது. உன் கதையை நீ சொல்லிவிட்டாய். இது அவளுடையது. அவளே சொன்னால் உண்டு.

உன் அக்கா முந்தின நாளே வர வேண்டும். அவள் மாமியாரிடம் நான் பேசிக்கொள்கிறேன். நனைந்தால் உடம்போடு ஒட்டாத கனமான துணியில் தையல்காரம்மா ஓர் உடுப்புத் தைத்துத் தர வேண்டும். கைப்பேசியை அவள் அன்று வீட்டில் வைத்துவிட்டு வர வேண்டும். போதகர் எனக்குப் பதில் வேறொரு மூப்பரைத் தேடிக்கொள்ள வேண்டும். விலகல் கடிதத்தை நானே அவர் கையில் கொடுப்பேன், கமிட்டி கேட்கும்வரை காத்திருக்க மாட்டேன். உன் அம்மா உபவாசம் என்று சொல்லி வெறும் வயிற்றோடு தண்ணீரில் இறங்கக் கூடாது. இதை நீ சொல், நான் சொன்னால் இப்போதெல்லாம் கேட்பதில்லை.

தொட்டியைப் போய்ப் பார்த்துவிட்டு வந்தேன். படிகளில் பாசி, பிடித்துக்கொள்ளக் கம்பி கிடையாது. முந்தின நாள் சாயங்காலமே நீ இறங்கித் தேய்த்துக் கழுவ வேண்டும். அவளுடைய இடது முழங்கால் இப்போதெல்லாம் சரியாக மடங்குவதில்லை. அதனால் அந்தப் பக்கம் நீ நிற்க வேண்டும். உங்கள் போதகர் எந்தப் பக்கம் நின்றாலும் எனக்குக் கவலை இல்லை.

நான் துண்டோடு மேலே நிற்பேன். தண்ணீரில் இறங்க மாட்டேன். அவள் ஏறி வரும்போது கை கொடுக்க, தண்ணீர் தொடுகிற முதல் படி வரைக்கும் வருவேன்.

ஆண்டவர் உன்னை வழியில் காத்து வீடு கொண்டுவந்து சேர்ப்பாராக.

இப்படிக்கு,
உன் அப்பா