பிரேக் வேலை: ஜமால் வேண்டாம்

இன்று காலை கோதை சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து, டயருக்குள் ஏற்றுகிற அந்த வெள்ளைத் திரவத்தின் பாட்டிலைத் திறந்தாள். முள் குத்தினால் ஓட்டையைத் தானே அடைத்துக்கொள்ளும் என்று நீங்கள் எனக்கு விளக்கினீர்களே, அதுதான். ரப்பர் பாலும் அமோனியாவும் கலந்த வாடை சமையலறை வரை வந்தது. அடுப்பை அணைத்துவிட்டு வந்து ஜன்னலைத் திறந்தேன். ஒன்பது வருடங்களுக்கு முன்பும் இதே வாடைக்கு இதே ஜன்னலைத் திறந்தேன். அப்போது உங்களைத் திட்டிக்கொண்டே திறந்தேன்.

"மேசைமேல பேப்பர் விரிச்சியா?"

"விரிச்சாச்சும்மா. அப்பாவத் திட்டுன மாதிரி என்னையும் திட்டாதீங்க."

நம் மகளுக்கு இப்போது நாற்பத்திரண்டு வயது. ஸ்ரீவில்லிபுத்தூர் கோர்ட்டில் பதினெட்டு வருடமாக வாதாடுகிறாள். நாளை மறுநாள் ரயில் ஏறுகிறாள். நீங்கள் போன அதே பந்தயம்தான்: வடக்கே மலையில் ஆறு நாள், பகலெல்லாம் கல்லும் சேறுமான பாதையில் சைக்கிள், மாலையில் கூடாரம். சிறு வயதில் உங்களோடு சைக்கிளில் வர மறுத்தவள், இரண்டு வருடம் முன்பு நீங்கள் கண்ணை மூடிய பிறகு தொடங்கினாள். ஏன் என்று நான் கேட்கவில்லை. கேட்டால் வக்கீல் மாதிரிப் பதில் சொல்வாள்.

அவளுக்குச் சாமான் தேர்ந்தெடுக்கும் வேலை இரண்டு மாதமாக இந்த மேசையில்தான் நடந்தது. அதைப் பற்றித்தான் உங்களுக்கு எழுதுகிறேன். அதில் நான் சொல்லியாக வேண்டியது ஒன்று இருக்கிறது.

மில்லில் மெயின்டெனன்ஸ் சூப்பர்வைசராக இருந்து ஓய்வுபெற்று மூன்று வருடம் ஆகியிருந்தது அப்போது உங்களுக்கு. அறுபத்தொரு வயதில் மலைச் சைக்கிள் பந்தயமா என்று ராஜபாளையத்தில் சொந்தக்காரர்கள் எல்லாரும் கேட்டுவிட்டார்கள். நான் கேட்கவில்லை. செய்வதென்றால் ஒழுங்காகச் செய்யுங்கள் என்று மட்டும் சொன்னேன். ஸ்ரீவில்லிபுத்தூரில் சைக்கிள் கடை வைத்திருக்கிற ஜமால்தான் உங்கள் ஜோடி. உங்களைவிடப் பதின்மூன்று வயது இளையவர். பந்தயத்தில் ஜோடியாகவும் போகலாம், தனியாகவும் போகலாம். நீங்கள் இருவரும் ஜோடியாகப் பெயர் கொடுத்திருந்தீர்கள். பகலில் இருவரும் ஓட்டுவது, மாலையில் இரண்டு சைக்கிளையும் ஜமால் பார்த்துக்கொள்வது என்று ஏற்பாடு.

எதை வாங்கும் முன்பும் நீங்கள் கேட்ட கேள்வி ஒன்றுதான். "கூடாரத்து வாசல்ல ஒக்காந்து, கையில இருக்கிற சாமான வச்சு, இத நானே சரிபண்ண முடியுமா?" முடியாது என்றால் அது எவ்வளவு இலேசாக இருந்தாலும் வேண்டாம். பின்பக்கமும் குலுக்கலைத் தாங்கும் ஷாக் வைத்த சைக்கிள்தான் ஆறு நாளைக்கு முதுகு தாங்கும் என்று ஜமால் சொன்னார். நீங்கள் முன்பக்கம் மட்டும் ஷாக் உள்ளதை எடுத்தீர்கள். "பின்னாடி இன்னும் நாலு பேரிங்கு. தேயுற எடம் கூடுனா எனக்கு வேல கூடும்."

"அண்ணே, தேயப்போறது பேரிங்கு இல்ல, உங்க இடுப்பு" என்றார் ஜமால்.

பின்பக்க கியரைத் தாங்குகிற சின்ன அலுமினியத் துண்டு ஒன்று, விரல் நீளம்கூட இருக்காது, அதில் இரண்டு உபரியாக எடுத்துக்கொண்டீர்கள். அது வளைந்தால் கியர் விழாது; ஒவ்வொரு சைக்கிளுக்கும் ஒவ்வொரு வடிவம் என்பதால் மலையில் யாரிடமும் கடன் வாங்கவும் முடியாது. இதெல்லாம் கேட்டுக் கேட்டு எனக்கே மனப்பாடம் ஆகிவிட்டது. ஆளுக்கு ஒரு பைதான் லாரியில் அடுத்த கூடாரத்துக்குப் போகும், எடைக்கு வரம்பு உண்டு என்றதும், சமையலறைத் தராசை எடுத்து வந்து ஒவ்வொன்றாக நிறுத்தேன். தொடை உரசலுக்குக் களிம்பு வேண்டாம், தேங்காயெண்ணெய் போதும் என்று நீங்கள் அடம் பிடித்தீர்கள். மூடி சரியில்லாத பாட்டிலில் எண்ணெயோடு ஆறு நாள் துணியா என்று நான் களிம்பை உள்ளே வைத்தேன். எல்லாவற்றையும் நோட்டில் எழுதச் சொன்னது நான்தான். ஓரத்தில் கோடு போட்டு, என்ன எடுத்தோம், ஏன் எடுத்தோம் என்று இரண்டு பத்தி. கான்வென்ட்டில் எங்களுக்குப் பழக்கியது அப்படித்தான்.

ஆயுத பூஜைக்கு முந்திய நாள் ஜமால் வந்து உங்கள் சைக்கிளுக்கு பிரேக் ஆயில் மாற்றிக் கொடுத்தார். புது பேடும் போட்டார். மறுநாள் பழைய மில்லில் பூஜைக்குக் கூப்பிட்டார்கள் என்று நீங்கள் வெள்ளை வேட்டி கட்டிக்கொண்டு போய்விட்டீர்கள். வீட்டில் பூஜை என் பொறுப்பு. மிக்ஸி, தையல் மெஷின், உங்கள் ஸ்பேனர்கள், கடைசியாகச் சைக்கிள். இரும்பில் பொட்டு உதிராமல் நிற்க, சந்தனத்தில் ஒரு சொட்டு நல்லெண்ணெய் விட்டுக் குழைக்க வேண்டும் என்பது மில் வழக்கம்; நீங்கள் சொல்லித்தான் எனக்குத் தெரியும். அப்படியே குழைத்தேன். ஹேண்டிலில் வைத்தேன், ஃபிரேமில் வைத்தேன். சக்கரத்தின் நடுவில் பளபளவென்று இரண்டு தட்டு இருந்ததே, முன்னால் ஒன்று, பின்னால் ஒன்று, அதில் வைக்காமல் விடுவானேன் என்று அதற்கும் வைத்தேன். எண்ணெய் கூடிப்போய்ப் பொட்டு வழிந்தது. எனக்கு அலங்கோலம் பிடிக்காது. ஒரு துணியை எடுத்து இரண்டு டிஸ்க்கையும் முன்போல் மின்னும்வரை துடைத்தேன். பூஜையில் வைத்ததை மறுநாள்வரை யாரும் தொடக்கூடாது. நீங்களும் தொடவில்லை.

அதற்கு அடுத்த நாள் பயிற்சிக்காகச் செண்பகத்தோப்புக்கு நீங்களும் ஜமாலும் போனீர்கள். வனத்துறை செக்போஸ்டுக்கு இந்தப் பக்கம் இருக்கிற அந்தச் செம்மண் இறக்கத்தில் உங்கள் பிரேக் கத்தியது, பிடிக்கவில்லை. மாந்தோப்பின் கல்வேலியில் போய் விழுந்தீர்கள். முழங்கையில் ஏழு தையல்.

அன்று மாலை நீங்கள் நடுவீட்டில் காலை நீட்டி உட்கார்ந்து, கழற்றிய பேடை, டிஸ்க்கைக் கவ்விப் பிடிக்கிற அந்தச் சின்னக் கட்டையை, வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தீர்கள். "எண்ணெ பட்டிருக்கு. டிஸ்க்குல ஒரு சொட்டு போதும், பேடு குடிச்சிரும், பொறவு எம்புட்டு அமுக்கினாலும் வழுக்கும்" என்றீர்கள். நான் காப்பி டம்ளரோடு நின்றுகொண்டிருந்தேன். அந்த வாக்கியம் முடிவதற்குள் எனக்குப் புரிந்துவிட்டது. வாயைத் திறப்பதற்குள் வாசல்படியில் இருந்த ஜமால் பேசினார்.

"என் கைதாண்ணே. ஆயில் மாத்துனப்பக் கையத் தொடைக்காம டிஸ்க்கத் தொட்டிருப்பேன். வேற எப்படி வரும்?"

நீங்கள் பேடைத் தாளில் சுற்றி வைத்தீர்கள். சந்தனத்தில் விட்ட எண்ணெயைப் பற்றி நான் சொல்லவில்லை. காப்பியை அவருக்கும் கொடுத்தேன்.

நாலு நாள் கழித்து அவர் வந்து, "அண்ணே, ஆறு நாளும் உங்க பிரேக்கு என் கையிலன்னா எனக்கு ஒறக்கம் வராது. நீங்க தனியாப் போங்க" என்றார். விலக வேண்டாம் என்று நீங்கள் அவரைத் தடுக்கவில்லை. தனியாகப் போனீர்கள், ஆறு நாளும் முடித்தீர்கள், கறுத்து மெலிந்து திரும்பி வந்தீர்கள். ஜமாலோடு நட்பு கெடவில்லை. ஆனால் பிரேக் பார்க்க மட்டும் அதன் பிறகு மதுரைக்குத்தான் போனீர்கள். மதுரை பஸ் ஸ்ரீவில்லிபுத்தூரில் அவர் கடையைத் தாண்டித்தான் போகும். ஏழு வருடம் தாண்டிப் போனீர்கள். பக்கத்துச் சீட்டில் சில தடவை நானும் இருந்தேன்.

போன மாதம் ஒரு சனிக்கிழமை, கோதை உங்கள் நோட்டை மேசையில் வைத்துக்கொண்டு ஒவ்வொரு வரியாக வாசித்தாள். எதிரில் ஜமால். ஷாக் விஷயத்தில் உங்களை அவள் ஏற்கவில்லை. "அப்பாவோடது மில்லுல நடந்த முதுகு. இது கோர்ட்டு பெஞ்சு முதுகு, ரெண்டு பக்கமும் ஷாக் வேணும்" என்று சொல்லிவிட்டாள். கியர்த் துண்டு இரண்டு, சரி. டயர் அகலமாக, சரி. பக்கத்தைத் திருப்பியவள் நின்றுவிட்டாள்.

"ஏன்டா நிறுத்திட்ட? படி" என்றார் ஜமால்.

"ஒண்ணுமில்ல பாய் மாமா. பழைய கணக்கு."

"எனக்குத் தெரியும் அதுல என்ன இருக்கும்னு. படிடா."

அவள் படித்தாள். உங்கள் கையெழுத்து, நான் போட்ட கோட்டுக்குள். 'பிரேக் வேலை: ஜமால் வேண்டாம்.' ஏன் என்கிற பத்தியை நீங்கள் காலியாக விட்டிருந்தீர்கள்.

"அண்ணன் எழுதுனது சரிதான்" என்றார் அவர். "கோத, உனக்கு எல்லாம் நான் பாத்துத் தாரேன். பிரேக்க மட்டும் மதுரையில குடுத்துரு. இந்தக் கை மத்தவங்க பிரேக்கத் தொட்டு ஒம்போது வருசமாச்சு. கடைக்கு வாரவங்களையும் திருப்பித்தான் அனுப்புதேன்."

இது எனக்குத் தெரியாது. ஒரு சைக்கிள் கடைக்காரர் ஒன்பது வருடமாக பிரேக் வேலையைத் திருப்பி அனுப்புகிறார் என்பது எனக்குத் தெரியவே தெரியாது.

"ஜமால், அது உங்க கை இல்ல" என்றேன். சந்தனம், எண்ணெய், துணி, எல்லாவற்றையும் வரிசையாகச் சொன்னேன். அன்று மாலையே எனக்குத் தெரியும் என்பதையும் சொன்னேன். கோதை பேனாவைக் கீழே வைத்துவிட்டு என்னையே பார்த்தாள். சாட்சி சொல்கிறவரைப் பார்க்கிற பார்வை.

ஜமால் சிரிப்பார் என்று எதிர்பார்த்தேன். அதற்குத்தான் தயாராக இருந்தேன். அவர் சிரிக்கவில்லை. தேநீரைப் பாதியில் வைத்துவிட்டு, "வாரேன் மதினி" என்று எழுந்து போனார்.

எட்டு நாள் வரவில்லை. கோதை என்னோடு தேவைக்கு மட்டும் பேசினாள். "நீங்க ஒரு தப்புக்கு என்னைய அம்பது தடவ எழுத வைப்பீங்களேம்மா" என்றாள் ஒருநாள். ஒன்பதாம் நாள் ஜமால் கடையிலிருந்து போன் செய்தார், அவளிடம். சைக்கிளைக் கொண்டுவா, ஞாயிற்றுக்கிழமை செண்பகத்தோப்புக்கு உங்கம்மாவையும் கூட்டிக்கொண்டு வா என்றார்.

போன ஞாயிறு போனோம். ஒன்பது வருடத்தில் அந்த இறக்கத்தை நான் பார்த்ததில்லை. நினைத்ததைவிடச் செங்குத்து. அடியில், பாதையின் நடுவில் ஓர் இடத்தைக் காட்டி ஜமால் சொன்னார்:

"மதினி, நீங்க இங்கன நிக்கணும். நான் மேலருந்து வருவேன். ஒதுங்கிரக் கூடாது."

"பாய் மாமா, எங்கம்மா எலும்பு ஒடைஞ்சா கேஸ் நாந்தான் நடத்தணும்" என்றாள் கோதை. "உங்களுக்கா அவியளுக்கான்னுதான் யோசிக்கேன்."

"நில்லுங்க மதினி" என்றார் அவர் மறுபடியும்.

நின்றேன். கைப்பையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டேன். அவர் தன் கையால் பிரேக் பார்த்த கோதையின் சைக்கிளை மேலே தள்ளிக்கொண்டு போனார். ஐம்பத்தேழு வயது ஆள், பாதியில் நின்று மூச்சு வாங்கினார். பிறகு திரும்பி ஏறி உட்கார்ந்து இறங்கினார். கற்கள் தெறித்தன. கண்ணை மூடக் கூடாது என்று நினைத்தேன், மூடவில்லை. கடைசி நொடிவரை அவர் பிரேக்கைத் தொடாத மாதிரி இருந்தது. பிறகு சத்தமே இல்லாமல், எனக்கும் முன் சக்கரத்துக்கும் இடையில் இரண்டு முழம் இருக்கும்போது, சைக்கிள் நின்றது.

அவர் என்னைப் பார்க்கவில்லை. குனிந்து டிஸ்க்கைப் பார்த்தார். "பிடிக்குது" என்றார், தனக்குத்தானே.

நிமிர்ந்து கேட்டார். "அண்ணன்கிட்டயாவது ஏன் சொல்லல? கோவப்படுவாருன்னா?"

"கோபப்பட்டா சொல்லியிருப்பேன். சிரிப்பார். அவர் என்னைப் பாத்துச் சிரிச்சா நான் எழுந்து உள்ள போயிடுவேன். அதான் சொல்லல."

அவர் தலையாட்டினார். "ஆமா, சிரிச்சிருப்பாரு. மில்லுக்கே போயிச் சொல்லியிருப்பாரு. ஒரு வருசம் சொல்லியிருப்பாரு." சைக்கிளைக் கோதையிடம் கொடுத்துவிட்டுக் கையைத் துடைத்தார். "அந்தச் சிரிப்புக்குப் பயந்து எனக்கு ஆறு நாள் போச்சு மதினி. மலையில ஆறு நாள்."

மன்னித்தேன் என்று அவர் சொல்லவில்லை. நான் கேட்கவும் இல்லை. திரும்பும்போது காரில் முன் சீட்டில் உட்கார்ந்து, மழை வந்தால் எந்தப் பேடு, வெயில் என்றால் எந்தப் பேடு என்று வீடு வரும்வரை கோதைக்குச் சொல்லிக்கொண்டே வந்தார்.

அவரிடம் சொல்லிவிட்டேன், மகளிடமும் சொல்லிவிட்டேன். முதலில் கேட்டிருக்க வேண்டியவர் நீங்கள். ஜமாலின் கை சுத்தம்தான். நீங்கள் அதைத் தெரிந்துகொள்ளாமலே போனீர்கள். தெரிவிக்க எனக்கு ஏழு வருடம் இருந்தது, ஒரே வீட்டில், ஒரே மேசையில். அந்த ஏழு வருடத்துப் பழியை நானே வைத்துக்கொள்கிறேன். சிரிக்க வேண்டுமானால் சிரியுங்கள். இந்த முறை நான் எழுந்து உள்ளே போக மாட்டேன்.