தலைக்குள் கட்டி இல்லாதவள்

8.8.83 திங்கள்
ஆடிக் காற்று. கொடியில் கிடந்த சேலையெல்லாம் புழுதி. மறுபடி அலசினேன்.

மெட்ராஸில் எடுத்த ஸ்கேன் படத்தை டாக்டரிடம் காட்டினோம். என் வீட்டுக்காரர் நெற்றிக்குப் பின்னால் எலுமிச்சம்பழ அளவு கட்டி. ரெண்டு மூணு வருஷமாக வளர்ந்திருக்குமாம்.

"கோபம், சந்தேகம், கை நீட்டுறது, இதெல்லாம் எப்ப இருந்தும்மா?"

ரெண்டு வருஷமா என்றேன்.

"அப்ப அவரைக் குறை சொல்லாதீங்க. அந்த இடத்தை அழுத்தினா யாரா இருந்தாலும் அப்படித்தான்."

இவர் பக்கத்தில் உட்கார்ந்து சட்டைப் பித்தானைத் திருகிக்கொண்டிருந்தார். இவர் அக்கா, என் மதினி, அழுதார். "எந்தம்பி இல்ல சரசு அது. எந்தம்பி அப்படிச் செய்வானா?" நிம்மதியான அழுகை. எனக்கு வரவில்லை.

9.8 செவ்வாய்
முதல் பீரியட், ப்ளஸ் டூ. ஒரு பொருள் இப்போது எங்கே, என்ன வேகம், என்ன விசை, இவ்வளவும் தெரிந்தால் அடுத்த நொடி எங்கே இருக்கும் என்று சொல்லிவிடலாம். பதினாறு வருஷமாக இதே வாக்கியம்.

கடைசி பெஞ்சில் ஒருத்தி: "மூளையும் பொருள்தான டீச்சர்? அப்ப நான் பெயிலாவேனான்னு ஏற்கெனவே முடிவாயிருச்சா?" எல்லாருக்கும் சிரிப்பு. வழக்கமாகச் சொல்வது, "அது கல்லுக்கு, உனக்கில்ல." இன்று கணக்குப் போடச் சொல்லிவிட்டு உட்கார்ந்துவிட்டேன்.

வாங்க: பிளாஸ்க், பஞ்சு, வேட்டி 2. லீவு லெட்டர். ஆபரேஷனுக்கு ரத்தம் கொடுக்க ஆள். வசந்திக்குக் கடிதம்.

10.8 புதன்
வசந்திக்கு எழுதினேன். கிழித்தேன். ரெண்டு தடவை.

மகளுக்கு என்னவென்று எழுத? உன்னை முடியைப் பிடித்துத் தெருவில் இழுத்தது அப்பா இல்லை, கட்டி என்றா? பஸ் ஸ்டாப்பில் ஒரு பையனோடு பேசினாள், அவ்வளவுதான். பதினாறு வயது அப்போது. மறுநாள் காலையில் உசிலம்பட்டிக்கு என் தம்பி வீட்டுக்குப் போனவள், இன்னும் இந்தப் படி மிதிக்கவில்லை.

அதற்கு முந்தைய மனுஷர்: அவளுக்கு அம்மை போட்டபோது பதினோரு நாள் ஆபீஸ் போகாமல் வேப்பிலையால் விசிறியவர். கோபத்துக்குக் கட்டி காரணம். சரி. அந்தப் பிரியத்துக்கு? கட்டி இல்லாத மூளை. அதுவும் சதைதான். இதில் அவர் எங்கே?

இட்லி மாவு புளித்துவிட்டது.

12.8 வெள்ளி
ஆடி வெள்ளி. கோயிலில் நெரிசல். மதினி இழுத்துப்போனார். "மீனாட்சி நெனச்சா கரைச்சுருவா."

கை கூப்பி நின்றேன். கேட்க ஒன்றும் வரவில்லை. அவளால் கரைக்க முடியும் என்றால் ரெண்டு வருஷம் முன்பே கரைத்திருக்கலாம். முடியாதென்றால் நான் யார் முன்னால் நிற்கிறேன்? முடிந்தும் சும்மா இருந்தாள் என்றால்...

பின்னால் தள்ளினார்கள். வெளியே வந்துவிட்டேன்.

13.8 சனி
இதை எழுதிவிட வேண்டும்.

வசந்தியை இழுத்த அன்றைக்கு நான் வாசலில் நின்றேன். மூணு நிமிஷம் இருக்கும். "அம்மா" என்று கத்தினாள். இறங்கவில்லை. அடிக்குப் பயந்து இல்லை. எதிர்வீட்டில் ஜன்னலெல்லாம் திறந்திருந்தது. நான் போனால் என்னையும் இழுப்பார், டீச்சர் தெருவில் அடி வாங்குகிறாள் என்று பார்ப்பார்கள். அப்படி நினைத்தேன். நன்றாக ஞாபகம் இருக்கிறது.

எனக்குக் கட்டி இல்லை.

காரணம் சொல்லலாம். வளர்ப்பு, உத்தியோகம், ஊர் வாய். பின்னால் போகப் போக எல்லாவற்றுக்கும் ஒரு காரணம் கிடைக்கும். சொல்லிப் பார்த்தேன். ஒட்டவில்லை.

15.8 திங்கள்
பள்ளிக்கூடத்தில் கொடியேற்றம் முடிந்து நேரே ஆஸ்பத்திரி. இவருக்கு மொட்டை அடித்திருந்தார்கள். நாளை ஆபரேஷன். மதினிக்கு ஆடி முடியட்டும் என்று ஆசை. "ஒரு நாள் பொறுத்தா ஆவணி பொறந்துரும், கேளேன்." கேட்டேன். டாக்டர் ஒத்துக்கொள்ளவில்லை.

இவர் இன்று தெளிவாக இருந்தார். சொன்னேன், "டாக்டர் சொன்னாருல்ல. நடந்ததுக்கு நீங்க காரணம் இல்ல."

கையைத் திருப்பிப் பார்த்தார். பிறகு, "கை என் கைதான் சரசு. பிள்ளைய இழுக்கையில எனக்கு ஆசையாத்தான் இருந்துச்சு."

"அந்த ஆசையே கட்டியாலதாங்க."

"இருக்கட்டும். அவகிட்ட அப்படிச் சொல்லிறாத. நான்தான் செஞ்சேன்னு சொல்லு. யாருமே செய்யலைன்னா அவ போய் யார்கிட்ட கேப்பா?"

வசந்திக்குத் தந்தி கொடுத்தேன்.

16.8 செவ்வாய்
காலை ஏழரைக்கு உள்ளே. ரெண்டேகாலுக்கு வெளியே. உயிர் இருக்கிறது.

19.8 வெள்ளி
கண் விழித்துவிட்டார். பேச்சு இல்லை. யாரைப் பார்த்தாலும் சிரிப்பு. கூட்டுகிற அம்மாவைப் பார்த்து, குளுக்கோஸ் பாட்டிலைப் பார்த்து.

"இனிமே கோபம் வராதும்மா" என்றார் டாக்டர். வேறு என்னவெல்லாம் வராது என்று கேட்டேன். "பொறுத்துப் பாப்போம்."

மதினி எல்லோருக்கும் கற்கண்டு கொடுக்கிறார், தம்பி திரும்பி வந்துவிட்டான் என்று. நானும் ஒன்று வாங்கி வாயில் போட்டேன்.

20.8 சனி
வசந்தி வந்தாள், தனியாக. என்னைவிட உயரமாகிவிட்டாள். கட்டில் பக்கத்தில் நின்றாள். அவர் சிரித்தார். எல்லோருக்கும் கொடுக்கிற அதே சிரிப்பு. ஏதோ கேட்க வந்தவள் மாதிரி அரைமணி நேரம் நின்றாள். கேட்கவில்லை.

வராந்தாவில்: "ஆபரேஷனுக்கு முன்னாடி ஏதாச்சும் சொன்னாராம்மா?"

கட்டிதான் எல்லாவற்றுக்கும் காரணம் என்றால் அவளுக்கு லேசாகும். எனக்கும். நான் அவர் சொன்னதை அப்படியே சொன்னேன். ஆசையாக இருந்தது என்றதையும்.

தலையாட்டினாள். அழவில்லை.

"நானும்தான் வசந்தி. இறங்கி வரல. பயத்துல இல்ல, நாலு பேர் பாக்குறாங்களேன்னு."

"தெரியும்மா. நான் உன்னையத்தான பாத்துக்கிட்டே போனேன்."

பையை எடுத்துக்கொண்டாள். பஸ் ஸ்டாண்டு வரைக்கும் வாரேன் என்றேன். வேண்டாம் என்றாள்.

போனேன். தெருவில் அவள் கூடவே நடந்தேன். பஸ்ஸில் இடம் கிடைத்தது அவளுக்கு.