கோயில் வாசலில் தோல் பை

சங்ககிரி, 1983, தை வெள்ளி.

விரல் நுனியெல்லாம் இன்னும் எரிகிறது. ஆனாலும் சிரிப்பு அடங்கவில்லை. இவர் லாரியில் ஆம்பூர் போய் வந்தபோது கொண்டுவந்த தோலில், கோணி ஊசியால் நானே தைத்த கைப்பை நேற்றுதான் முடிந்தது. அத்தை, இவருடைய அம்மா, தோலை வீட்டுக்குள் விடவே இல்லை. முழுக்க மாட்டுக்கொட்டகையில் உட்கார்ந்துதான் தைத்தேன்.

இன்று குலதெய்வம் கோயிலுக்கு ஆசையாக மாட்டிக்கொண்டு போனேன். வாசலிலேயே பூசாரி மறித்தார்.

“தோலுங்களா? உள்ள ஆவாதுங்க.”

செருப்போடு செருப்பாக விட்டுப்போக மனம் வரவில்லை. எனக்கு அழுகையே வந்துவிட்டது. அத்தை பையை வெடுக்கென்று பிடுங்கினார்.

“நீ போயிச் சாமி கும்புட்டுட்டு வா. நான் இங்கயே நிக்கறேன்.”

திரும்பி வந்தால் பை அவர் தோளில் தொங்குகிறது! சுற்றிலும் பெண்கள்.

“எம் மருமவ தெச்சதுங்க. இழுத்துப் பாருங்க, ஒரு நூல் பிரியாது.”

வீட்டுக்கு வந்ததும் பழையபடி கொட்டகை ஆணியில் மாட்டப் போனேன்.

“அங்க எலி கடிச்சுப்போடும். உள்ள கொண்டா சாமி.”

இப்போது பை அத்தையின் தலைமாட்டில் இருக்கிறது. சற்று முன் மெல்லத் திறந்து பார்த்தேன். உள்ளே வெற்றிலையும் பாக்கும் குடியேறிவிட்டன.

இவரிடம் இன்னொரு தோல் கேட்க வேண்டும்.