உன் வண்டிக்குக் காயில் மாற்றினோம், அக்கா

என் உயிரோடு ஒட்டிய அக்காவுக்கு,

செவ்வாய்க்கிழமை உன் கார் மறுபடியும் ஓடியது. அன்றைக்கே உன்னிடம் சொல்ல நினைத்தேன். பெரம்பலூர் வந்து சேர்ந்து, குளித்துவிட்டுப் படுத்தவள்தான். மறுநாள் கடை, அதற்கு மறுநாளும் கடை. இன்று அரை நாள் லீவு சொல்லிவிட்டு உட்கார்ந்திருக்கிறேன்.

அசதியாக இருக்கிறது அக்கா. துணிக்கடையில் பில் போடுகிறவளுக்கு என்ன அசதி என்று கேட்பாய். நாள் முழுக்க நின்றால் கால் வீங்குகிறது. வாரத்தில் கிடைக்கும் ஒரே விடுமுறை செவ்வாய். அன்றைக்கு அரியலூர் போய், பஸ் மாறி, செந்துறையில் உன் வீட்டுக்குப் போய்விடுகிறேன். குழம்பு வைத்து, ரசம் வைத்து, மாமாவின் துணிகளைத் துவைத்துப் போட்டுவிட்டுத் திரும்புவேன். நீ போன ஏழு மாதமாக இதுதான் என் செவ்வாய்.

மாமா என்னிடம் பேசுவதில்லை. "சாப்பிடுறீங்களா மாமா" என்றால் "ம்" என்பார். "மாத்திரை இருக்கா" என்றால் அதற்கும் "ம்". நீ போன துக்கத்தில் இருக்கிறார் என்று முதலில் நினைத்தேன். பிறகு, உன்னை அன்று ஓட்டிக்கொண்டு போனவள் நான் என்பதால்தான் முகம் கொடுக்கவில்லை என்று முடிவுகட்டிக்கொண்டேன். அவரிடம் கேட்க எனக்குத் தைரியம் இல்லை.

அந்த நாள் உனக்கு நினைவிருக்கும். டயாலிசிஸ் வசதிக்காக நீ என்னோடு பெரம்பலூரில் தங்கியிருந்தாய். காலையில் மூச்சு வாங்கியது. ஆஸ்பத்திரியில் பார்த்துவிட்டுத் திருச்சிக்குக் கொண்டுபோகச் சொன்னார்கள். ஆம்புலன்ஸ் சொல்லட்டுமா என்று அங்கிருந்த நர்ஸ் கேட்டாள். "என் வண்டி வாசல்ல நிக்குது, அதுலயே போயிக்கிறோம்" என்றாய். நீயும் முப்பது வருஷம் நர்ஸாக இருந்தவள். உன் பேச்சை யார் மீறுவார்கள்?

பாடாலூர் தாண்டுவதற்குள் வண்டி குதிக்க ஆரம்பித்தது. மிதித்தால் இழுக்கவில்லை, பெட்ரோல் வாசனை அடித்தது, இன்ஜின் விளக்கு விட்டு விட்டு எரிந்தது. டீக்கடை ஓரமாக நிறுத்தினேன். ஒரு வேன்காரர் இரக்கப்பட்டு உன்னை ஏற்றிக்கொள்வதற்குள் முக்கால் மணி நேரம் போய்விட்டது. வேனில் என் கையைப் பிடித்துக்கொண்டு, "வண்டியப் பூட்டினியா" என்று கேட்டாய். அதற்குப் பிறகு நீ தெளிவாக எதுவும் பேசவில்லை. இரண்டாம் நாள் போய்விட்டாய்.

அந்த முக்கால் மணி நேரத்தை நான் எத்தனை விதமாகக் கணக்குப் போட்டிருப்பேன் தெரியுமா?

வண்டியைப் பாடாலூரில் ஒரு மெக்கானிக் கருவி மாட்டிப் பார்த்திருக்கிறார். இரண்டாவது சிலிண்டரின் இக்னிஷன் காயில் போய்விட்டது என்று சொன்னாராம். பிளக்கில் பொறி வரவைக்கிற உருப்படி அது. உள்ளங்கையில் அடங்கிவிடும், நாலு சிலிண்டருக்கும் ஒவ்வொன்று. அதில் ஒன்று செத்தாலே வண்டி நொண்டும். மாமா யாரையோ வைத்து வண்டியைக் கட்டி இழுத்து வந்து, உன் வீட்டு ஷெட்டில் விட்டு, தார்ப்பாய் போட்டு மூடினார். அதோடு சரி.

இப்போது நித்யாவுக்கு ஒன்பதாம் மாதம். உன் மகள் வயிற்றைத் தாங்கிக்கொண்டு நடக்கும்போது உன் நடை அப்படியே வருகிறது. வளைகாப்பை ஜெயங்கொண்டத்தில் அவள் மாமியார் வீட்டிலேயே செய்தார்கள். அம்மா இடத்தில் நான் நின்றேன். வளையல் போடும்போது நான் கண்ணைத் துடைத்ததைப் பார்த்து, "சித்தி, நீ அழுவாத, நீ அழுதா நானும் அழுதுருவேன்" என்றாள். பிரசவத்துக்கு இங்கேயே இருந்துவிடு என்று அவர்கள் சொன்னார்கள். அவள் கேட்கவில்லை, அம்மா வீட்டுக்குத்தான் போவேன் என்று வந்துவிட்டாள். அம்மா இல்லாத அம்மா வீடு.

அவள் வந்த வாரம்தான் மாமா வண்டியை விற்க ஆள் பேசிவிட்டார் என்று தெரிந்தது. ஏழு மாதத்தில் முதல்முறையாக நான் அவரை எதிர்த்துப் பேசினேன்.

"வண்டிய விக்காதீங்க மாமா. இவளுக்கு வலி எடுத்தா அரியலூருக்கு எதுல கூட்டிட்டுப் போவீங்க?"

"ஆம்புலன்ஸ் இருக்குல்ல."

"இருக்கட்டும். வாசல்ல ஒரு வண்டியும் இருக்கட்டும். நான் ரிப்பேர் பண்றேன்."

அவர் என்னை நிமிர்ந்து பார்த்தார். துண்டை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டு வயலுக்குக் கிளம்பிவிட்டார்.

வாய் விட்டுவிட்டேனே தவிர, எனக்கு என்ன தெரியும்? அரியலூரில் ஒரு மெக்கானிக்கைக் கூப்பிட்டேன். ஊர்ப்பக்கம் வர நேரமில்லை என்றார். "காயில் மட்டும்தானேக்கா? நீங்களே மாத்திரலாம். பத்தாம் நம்பர் ஸ்பேனர் ஒண்ணு போதும். சந்தேகம்னா போன் பண்ணுங்க" என்றார். ஒன்று போனால் மற்றதும் அதே வயசுதான், நாலையும் மாற்றிவிடுங்கள் என்று சொல்லி, செவ்வாய் அன்று நான் அரியலூரில் பஸ் மாற இறங்கியபோது நாலு காயிலையும் கையில் கொடுத்தார். பஸ்ஸில் அந்த டப்பாக்களை மடியில் வைத்துக்கொண்டு வந்தேன். பக்கத்து சீட்டு அம்மா என்ன ஸ்வீட்டா என்று கேட்டார்.

செவ்வாய் காலை தார்ப்பாயை விலக்கினேன். உன் சீட்டில் உன் தலையணை அப்படியே இருந்தது. டயரில் காற்று இல்லை, பேட்டரியில் உயிர் இல்லை. பேட்டரியைக் கழற்றி வைத்துவிட்டுக் கை கழுவப் போனேன். திரும்பி வந்தால் பேட்டரியைக் காணோம். மாமா மொபெட்டில் முன்னால் வைத்து சார்ஜ் போட எடுத்துப் போயிருந்தார். நான் கேட்கவே இல்லை அக்கா.

இன்ஜின் மேல் மூடியை எடுத்ததும் நாலு காயிலும் வரிசையாகத் தெரிந்தன. மெக்கானிக் போனில் சொல்லச் சொல்லச் செய்தேன். "ஒயரப் புடிச்சு இழுக்காதீங்கக்கா. லாக்க அமுக்கிட்டு, சொருகுற புடியப் புடிச்சுக் கழட்டுங்க." முதல் காயிலின் லாக்கை அமுக்குவதற்குள் கட்டைவிரல் நகம் உடைந்தது. போல்ட்டைக் கழற்றி, காயிலை லேசாகத் திருப்பி மேலே தூக்கியதும் வந்துவிட்டது. எனக்கே நம்ப முடியவில்லை. புதியதைக் குழிக்குள் நேராக இறக்கி, போல்ட் முடுக்கி, ஒயரைச் செருகினேன். க்ளிக் என்று சத்தம் வந்தது.

இரண்டாவதுதான் வரவில்லை. செத்த காயில். சூட்டில் அதன் ரப்பர் பிளக்கோடு ஒட்டிப்போயிருந்தது. பலம் கொண்ட மட்டும் இழுத்தேன். மேல்பாதி கையோடு வந்துவிட்டது, ரப்பர் அறுந்து குழிக்குள்ளேயே நின்றுவிட்டது. கம்பி விட்டுப் பார்த்தேன், வரவில்லை. வெயில் ஏறிவிட்டது. கழுத்து, முதுகு எல்லாம் வலி. பம்பர் மேல் சாய்ந்துகொண்டு அப்படியே நின்றேன். அழுகைகூட வரவில்லை. இதுவும் என்னால் முடியவில்லையே என்று மட்டும் தோன்றியது.

மாமா எப்போது வந்து பின்னால் நின்றார் என்று தெரியாது. சார்ஜ் ஏறிய பேட்டரியைக் கீழே வைத்தார். உள்ளே போய் நீண்ட மூக்குக் குறடு ஒன்றை எடுத்து வந்தார். "லைட்டக் காட்டு" என்றார். ஏழு மாதத்தில் அவர் தானாகப் பேசிய முதல் வார்த்தை.

போன் வெளிச்சத்தைக் குழிக்குள் பிடித்தேன். அவர் குனிந்து, அவசரப்படாமல், ரப்பரைக் கொஞ்சம் கொஞ்சமாகத் திருகினார். முழுதாக வந்தது. அதைக் கையில் வைத்துப் பார்த்தார். ஒரு பக்கம் வெடித்துக் கருகியிருந்தது.

"இத அன்னிக்கே மாத்தியிருக்கணும்" என்றார்.

என்னைத்தான் சொல்கிறார் என்று நினைத்தேன். மனதில் கிடந்ததெல்லாம் கொட்டிவிட்டது. "தப்பு என்னுதுதான் மாமா. பெரம்பலூர்ல எடுக்கறப்பவே இன்ஜின் லைட்டு எரிஞ்சிச்சு. பாத்துட்டுத்தான் எடுத்தேன். ஆம்புலன்ஸ்ல ஏத்தியிருக்கணும்."

அவர் தலையை ஆட்டினார். "ஒன்னைய யாரு சொன்னா? அதுக்கு ரெண்டு வாரம் முந்தி நான்தான் ஆள் வச்சு வண்டிய சர்வீஸுக்கு விட்டேன். காயில் வீக்கா இருக்கு, மாத்திருங்கன்னு மெக்கானிக் எங்கிட்டதான் சொன்னான். அடுத்த தடவை பாத்துக்கலாம்னுட்டு வந்துட்டேன். ஒங்கக்காகிட்டயும் சொல்லல, ஒங்கிட்டயும் சொல்லல."

கருகிய ரப்பரைப் பம்பர் மேல் வைத்தார்.

"ஒன் மூஞ்சியப் பாக்க முடியல எனக்கு. அதான் பேசல" என்றார். "வண்டியயும் பாக்க முடியல. அதான் விக்கச் சொன்னேன்."

இதை எழுதும்போது உன் மேல் கொஞ்சம் கோபம் வருகிறது அக்கா. சொல்லிவிடுகிறேன். அன்று நான் லைட்டைக் காட்டிக் கேட்டபோது நீ என்ன சொன்னாய்? "அது எப்பவும் எரியற லைட்டுதான், நீ எடு." அதை மாமாவிடம் நான் சொல்லவில்லை. நீ இல்லாத இடத்தில் உன் மேல் பழி போடுவது போல இருந்தது. ஆனால் எனக்குள்ளே சுமை கொஞ்சம் இறங்கியது. லைட்டைப் பார்த்தும் நான் எடுத்தேன். தெரிந்தும் அவர் தள்ளிப்போட்டார். நீயும்தான் போகலாம் என்றாய். மூன்று பேரும் நல்லதை நினைத்துத்தானே அக்கா செய்தோம்?

நான் இத்தனை நாள் யாரிடமும் கேட்கப் பயந்த கேள்வியைக் கேட்டேன். "சீக்கிரம் போயிருந்தா அக்கா பொழைச்சிருக்குமா மாமா?"

"திருச்சி டாக்டர்கிட்ட நான் கேட்டேன்" என்றார். "பொழைச்சிருப்பாங்கன்னும் சொல்ல முடியாது, பொழைச்சிருக்க மாட்டாங்கன்னும் சொல்ல முடியாதுன்னாரு."

இது என்ன பதில்? ஆனாலும் இருவரும் பேசிவிட்ட பிறகு அந்தக் கேள்வி முன்பு போல அவ்வளவு கனமாக இல்லை. இரண்டாவது குழியில் புதியதை இறக்கிவிட்டு, மிச்சம் இருந்த இரண்டு காயிலையும் அவர் கழற்ற, நான் புதியதை மாட்டினேன். பேட்டரியை இணைத்து, பம்ப் வைத்துக் காற்றடித்து, கேனில் வாங்கி வந்த புது பெட்ரோலை ஊற்றினோம்.

முதல் தடவை இன்ஜின் சுற்றியது, பிடிக்கவில்லை. இரண்டாம் தடவையும் இல்லை. மூன்றாவது தடவை ஒரு இருமல் இருமிவிட்டுப் பிடித்துக்கொண்டது. குதிக்கவில்லை, நடுங்கவில்லை. தூங்கிக்கொண்டிருந்த நித்யா சத்தம் கேட்டு எழுந்து வந்தாள். வாசல்படியில் நின்று, "அம்மா வந்த மாதிரியே இருக்கு சித்தி" என்றாள். மாமா முகத்தைத் திருப்பிக்கொண்டு ஸ்பேனரைத் துடைத்தார்.

பிறகு அரியலூர் ரோட்டில் கொஞ்ச தூரம் ஓட்டிப் பார்த்தேன், மாமா பக்கத்தில் உட்கார்ந்து வந்தார். லைட் இன்னும் எரிகிறது. கருவி போட்டு அழித்தால் போய்விடும் என்று மெக்கானிக் சொல்லியிருக்கிறார். நாளை நித்யாவின் செக்கப்புக்கு அரியலூர் போகும்போது அதையும் பார்த்துவிடுவோம். இந்த முறை தள்ளிப்போடப் போவதில்லை. கடையில் ஒரு மாதம் லீவு கேட்டேன். முறைத்தார்கள், கொடுத்துவிட்டார்கள். இன்று சாயங்காலம் பையோடு செந்துறைக்குக் கிளம்புகிறேன்.

எல்லாம் நல்லபடி நடக்கும் என்று உனக்கு வாக்குத் தர என்னால் முடியாது அக்கா. அப்படிச் சொல்கிற தெம்பு எனக்கு இல்லை. ஒன்று மட்டும் சொல்கிறேன். நித்யா பல்லைக் கடித்துக்கொண்டு ஆம்புலன்ஸ் வேண்டாம் என்று சொன்னால், உன் பேச்சைக் கேட்ட மாதிரி அவள் பேச்சைக் கேட்க மாட்டேன். எது சீக்கிரம் வருகிறதோ அதில் ஏற்றிக்கொண்டு போவேன். அவள் கத்தினாலும், திட்டினாலும், கையை விட மாட்டேன்.

உன் கூடப் பிறந்தவள்,
இனி உன் மகளுக்கு அம்மாவாகவும் இருக்கப் பார்க்கிற
உன் தங்கச்சி செல்வி