சாமியா டீச்சர் கிளம்பிய காலை

தொடக்கப்பள்ளி ஆசிரியர்களுக்குப் புதுக்கோட்டை நூலகத்தில் கதை சொல்லும் பயிற்சி. கட்டுமாவடியிலிருந்து சாமியா டீச்சர் கிளம்பிவிட்டாள். ஆனால் விடியலிலேயே கரைக்கு வந்திருக்க வேண்டிய கணவன் ரபீக்கின் படகைக் காணோம். வெளியே காற்று தென்னைகளை உலுக்கியது. ஒரு சீட்டில் எழுதினாள்:

"என்னங்க, சோறும் மீன் ஆணமும் (குழம்பும்) மூடி வச்சிருக்கேன். சூடு பண்ணிச் சாப்பிடுங்க. 'பொம்மைய வச்சுக் கதை சொல்லவா இம்புட்டு தூரம் போறே'ன்னு சிரிச்சீங்க. அந்தக் கோவத்துல நீங்க கடலுக்குப் போறப்ப மொகங்கொடுத்துப் பேசல. வந்ததும் போன் பண்ணுங்க."

நூலகத்தில் இரவல் வாங்கிய பொம்மைப் பையோடு வாசல்வரை போனவள், மறுபடி அவனுக்குப் போன் போட்டாள். மணியே அடிக்கவில்லை. பையை இறக்கிவைத்துவிட்டு, சீட்டின் அடியில் நெருக்கி எழுதினாள்:

"பயிற்சிக்குப் போகலங்க. பயமா இருக்கு. வேற ஊர்ல கரையேறி பஸ்ஸுல வந்தீங்கன்னா, கடற்கரைக்கு வாங்க. அங்கதான் நிக்கிறேன்."