மாமாவின் வயலுக்குப் போகும் வழி

வெல்லாவெளி,
மாசி மாதம்.

மரண அறிவித்தல்

வெல்லாவெளியைப் பிறப்பிடமாகவும் எனது காற்சட்டைப் பையை வசிப்பிடமாகவும் கொண்ட எனது கைபேசி, கடந்த வாரம் அம்மாவின் அலுமாரிக்குள் காலமானது. இவ்வறிவித்தலை உற்றார், உறவினர், குறிப்பாகக் கத்தாரில் இருக்கும் அத்தான் ஏற்றுக்கொள்ளவும். மரணத்துக்கான காரணம் கடிதத்தின் கடைசியில் வரும், எனக்குத் துணிவு வந்தால்.

அன்புள்ள நிதுர்ஷன் அத்தானுக்கு,

வினோஜன் எழுதிக்கொள்வது. இங்கு அனைவரும் நலம். நீங்கள் இன்னும் அக்காவைக் கட்டி எனக்கு அத்தான் ஆகவில்லை. விதுர்ஷா அக்கா உங்கள் அழைப்பை எடுக்காமல் இருக்கிற நிலையில் ஆவீர்களா என்பதும் தெரியாது. நல்ல சகுனமாக இருக்கட்டும் என்று முன்கூட்டியே அழைத்து வைக்கிறேன். றவூப் நானாவின் மருமகன் கத்தாருக்கு வருகிறார். புது அரிசியோடு இந்தக் கடிதத்தையும் தருவார்.

முதலில் வெற்றிச் செய்தி. சீனித்தம்பி மாமாவின், அதாவது உங்கள் அப்பாவின், வயல் வெட்டியாயிற்று. கடைசி மூட்டையைப் படங்கால் மூடிய பிறகுதான் மழை விழுந்தது. இதைச் சாதித்தது அக்காவும் நானும் எழுதிய மென்பொருள். பாதி அவள், பாதி நான்.

வெட்டு மெஷின் யாருடைய வயலுக்கு எப்போது போகும் என்று வரிசை போட நீங்கள் ஏ.ஐ.யிடம் சொல்லி ஒரே மாலையில் செய்து அனுப்பிய செயலி இங்கே செயலிழந்த கதையை மாமா உங்களிடம் முழுதாகச் சொல்லியிருக்கமாட்டார். யார் முதலில் பதிகிறாரோ அவருக்கு முதலில் வெட்டு என்று அது வைத்திருந்தது. மகன் செய்தது என்ற ஆசையில் முதல் ஆளாகப் பதிந்தவர் மாமாதான். றவூப் நானாவின் நெல் வெட்டும் மெஷினை அது நேரே மாமாவின் வயலுக்கு அனுப்பியது. அந்த வயல் வட்டையின் நட்டநடுவில், சுற்றிலும் மற்றவர்களின் வயலோடு இருப்பது உங்களுக்கு நினைவிருக்கும். ரோட்டிலிருந்து அங்கே போவதென்றால் ஏழெட்டுப் பேருடைய விளைந்த நெல்லுக்கு மேலால்தான் போகவேண்டும். றவூப் நானா மெஷினை ரோட்டில் நிறுத்திவிட்டு, தம்பி, இதுக்குச் செட்டை வைக்க மறந்திட்டானுகள், எப்பிடிப் பறக்கிற என்று என்னைக் கேட்டார்.

மற்ற வயல்காரர்கள் சிரிக்கவில்லை. விதானையார்ர மகன் செய்த சாமான் விதானையார்ர வயலத்தான் முதல்ல வெட்டச் சொல்லும், பின்ன ஆர்ர வயலச் சொல்லும் என்றார்கள். யாருக்கு எப்போது தண்ணீர், யாருக்கு எப்போது வெட்டு என்று இத்தனை வருடம் நியாயம் பார்த்த வட்டை விதானையாரான மாமா அன்று சாப்பிடவில்லை. வானமும் கறுத்துக்கொண்டு வந்தது. நீங்கள் அங்கிருந்து பிழையைச் சொல்லச் சொல்ல ஏ.ஐ. திருத்தித்தான் அனுப்பியது. ரோட்டோர வயலை முதலில் போட்டது. அடுத்ததாக மெஷினை வாய்க்காலுக்கு அக்கரைக்கு அனுப்பியது, வரைபடத்தில் அது பக்கத்து வயலாம். ஒவ்வொரு தடவையும் மன்னிப்பும் கேட்டது. அது மன்னிப்புக் கேட்கிற அழகுக்குத் தேர்தலில் நிறுத்தலாம்.

இனிக் கோட் எழுதப் படிப்பது வீண், அந்தப் படிப்பை விட்டுவிடு என்று நீங்கள் அக்காவிடம் சொன்னது எனக்குத் தெரியும். கதவுக்குப் பின்னால்தான் நின்றேன். அவள் அழைப்பைத் துண்டித்தாள். சேற்றுக்குள் இறங்கினாள். வரம்பு வரம்பாகப் போய், உங்கட வயலுக்கு மெஷின் ஆர்ர வயலால வரும் என்று ஒவ்வொருவரிடமும் கேட்டாள். பிறகு குந்தியிருந்து எழுதினாள். வழிவிடும் வயல் வெட்டி முடியும்வரை அடுத்த வயல் காத்திருக்கும். ஒவ்வொரு பெயருக்குக் கீழும் அவர் யாருக்காகக் காத்திருக்கிறார் என்பதும் தெரியும்.

அவள் ஏ.ஐ.யைத் தொடவில்லை என்று நினைக்கவேண்டாம். பொத்தான், நிறமெல்லாம் அதனிடம்தான் வாங்கினாள். வாங்கிய ஒவ்வொரு வரியையும் வாசித்தாள், தனக்கு விளங்காததை வெட்டினாள். இந்தப் போகத்தில் றவூப் நானாவைவிட அதிகம் வெட்டியது அக்காதான்.

புது வரிசையில் மாமாவின் பெயர் கடைசி. அதைக் கண்டதும்தான் மனிசன் சிரித்தார். அன்று வயல்காரர்களில் பெரிதாகச் சத்தம் போட்ட பிரதீஸின் அப்பா, இது நியாயம் தெரிஞ்ச சாமான்கா புள்ள என்றார். சாமானுக்கு ஒண்டும் தெரியா மாமா, எனக்குத்தான் தெரியும் என்றாள் அக்கா.

வெட்டுத் தொடங்கி இரண்டாம் நாள் ஒரு வயலில் மெஷின் புதைந்தது. இழுத்தெடுத்தும், அந்த வழியால் இனிப் போக ஏலாது. அக்கா வரம்பில் இருந்து, மடியில் கணினியை வைத்து, தேடாமலே சரியான வரியைத் தொட்டாள். நம் வீட்டில் தீப்பெட்டி இருக்கிற இடம் நமக்குத் தெரியாதா, அதுபோல. றவூப் நானா தேநீர் குடித்து முடிப்பதற்குள் புது வழி வந்துவிட்டது. கடைசியில் மாமாவின் வயலில் மூட்டை தூக்கியவர்கள் யார் தெரியுமா? சத்தம் போட்ட அதே ஆட்கள். இப்போது கிரான் ஊரிலிருந்தும் ஒருவர் தங்கள் வட்டைக்கும் வரிசை போட்டுத் தரக் கேட்டு அக்காவைத் தேடி வந்து, மிஸ் என்று கூப்பிட்டுவிட்டுப் போயிருக்கிறார்.

சரி, மரணத்துக்கான காரணம். பாதி நான் என்றேன் அல்லவா. நான் எழுதியது ஒரு வரி. உங்கள் முறை வந்துவிட்டது என்று கைபேசி அறிவிக்கும் இடத்தில், அக்கா பார்க்காத நேரம், காலைச் சாப்பாட்டுக்குப் பாண் விற்க வருகிற ஆட்டோவின் பாட்டைப் போட்டேன். முதல் நாள் காலை அது பாடியதும் றவூப் நானா மெஷினை நிறுத்திவிட்டு ரோட்டுக்கு ஓடினார். வரம்பில் நின்றவர்கள் பின்னால் ஓடினார்கள். எங்கள் வயலின் முறை வந்தபோது அம்மாவின் கைபேசியும் பாடியது, அம்மா காசோடு படலைக்கு ஓடியிருக்கிறா. பாணும் இல்லை, பாண்காரனும் இல்லை. அன்றே என் கைபேசியைப் பறித்து அலுமாரிக்குள் வைத்துப் பூட்டிவிட்டா. அக்கா என் வரியை அழித்தாள். மழையை முந்திய அந்த மென்பொருளில் என் கைபட்ட ஓர் எழுத்தும் இப்போது இல்லை. அதனால்தான் அது வேலை செய்கிறது.

அத்தான், என் வரியை அழித்துவிட்டு அக்கா எனக்குப் புட்டுப் போட்டுத் தந்தாள். அழிக்கவேண்டிய வரி உங்களிடமும் ஒன்று இருக்கிறது, படிப்பை விட்டுவிடு என்று அவளிடம் சொன்னது. அதை நீங்களே அழித்துவிட்டால் நல்லது. அவளுடைய கைபேசி உயிரோடு இருக்கிறது. திரை மேலே தெரியும்படிதான் வைத்திருக்கிறாள். அரிசியில் ஒரு பொதி அவள் தன் கையால் கட்டியது. எது என்று நான் சொல்லமாட்டேன், கேட்டு அவளுக்கே அழையுங்கள்.

இப்படிக்கு,
பாதியிலிருந்து பூச்சியமான உங்கள் மச்சினன்
வினோஜன்